சனிக்கிழமை மேட்ச்

எங்கள் துறையில் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் விளையாட வந்தார்கள். நான் ஜெயிக்க வந்தேன். கோப்பைக்காக இல்லை. ஜெயித்தால் அடுத்த மேட்ச் வரும், அடுத்த மேட்ச் வந்தால் பயிற்சி நீளும், பயிற்சி நீண்டால் அத்தனை பேரும் சாயங்காலம் இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு இருப்பார்கள். தோற்றால் மறுநாளே வழக்கமான பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள்.

காரைக்குடியில் அப்போது நான் வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்கிற பெண்கள் ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லோரும் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள். தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல், கீழச்சிவல்பட்டி என்று ஆளுக்கொரு திசை. நாலரை ஆகிவிட்டால் லேபில் ஒரு பரபரப்பு வரும் பாருங்கள், தீப்பிடித்தால்கூட அவ்வளவு வேகமாக வெளியேற மாட்டார்கள். பீக்கரைக் கழுவுகிற சத்தம், டிபன் பாக்ஸைப் பைக்குள் திணிக்கிற சத்தம், செருப்புச் சத்தம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் கிடையாது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று தேடுவேன்.

எனக்கு ஹாஸ்டல். அறையில் என்னோடு எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறுவார்கள், நான் மாறுவதில்லை. கட்டில், பீரோ, அக்கா என்று அறையில் ஏற்கெனவே கிடக்கிற சாமான்களில் ஒன்றாகத்தான் என்னை எடுத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். நான் உள்ளே வந்தால் சிரிப்பதை நிறுத்தி மரியாதையாக உட்கார்ந்துகொள்வார்கள். அதற்குத் திட்டினாலே தேவலை.

வாரக் கடைசியில் ஊருக்குப் போகலாம்தான். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் போனதும் அது அண்ணன் வீடாகிவிட்டது. அண்ணி ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். போய் இறங்கியதும் காபி கொடுத்துவிட்டு, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பார்கள். ராத்திரிக்கும் சேர்த்து உலை வைப்பதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆக, ஒரு நாளில் எனக்கென்று மனிதர்கள் இருந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். ஹாஸ்டல் சோற்றை டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு துறைக்கே வந்துவிடுவேன். வராந்தாவில் இரண்டு பெஞ்சை எதிரெதிரே இழுத்துப் போட்டு ஒன்பது பேரும் உட்காருவோம். அவர்கள் குழம்பு என் தட்டுக்கு வரும். என் தட்டிலிருந்து அவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஹாஸ்டல் சாம்பாரை யார் கேட்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் துறைவாரியாகப் போட்டி வைக்கிறார்கள், பெண்களுக்கு த்ரோபால் என்று தெரியவந்தது. வலைக்கு இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். வருகிற பந்தை இரண்டு கையாலும் பிடித்து, உடனே ஒரு கையால் திருப்பி எறிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும் ஆடியிருப்பார்கள், அதற்குப் பிறகு ஒருத்தியும் பந்தைத் தொட்டிருக்க மாட்டாள். ஒன்பது பேரையும் சேர்த்துப் பெயர் கொடுத்தேன். ஏழு பேர் ஆட, இரண்டு பேர் ஸ்பேர். பெயர் கொடுத்த பாவத்துக்கு என்னையே கேப்டன் ஆக்கிவிட்டார்கள்.

துறைக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் பக்கம் கொஞ்சம் செம்மண் திடல் உண்டு. வலையின் ஒரு முனையை வேப்பமரத்திலும் இன்னொரு முனையை ஜன்னல் கம்பியிலும் கட்டினோம். எங்களில் மூத்தவர் தேவகோட்டையிலிருந்து வருகிற அக்கா. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன் இருக்கிறான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். எப்படியோ பந்து அவர் கையில் இருக்கும். திருப்பத்தூர்ப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வளையல் உடைந்தால் மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று, ஆட்டத்துக்கு முன்னால் எல்லா வளையலையும் கழற்றிக் காலி டிபன் பாக்ஸில் போட்டு மூடிவிடுவாள். சாயங்காலம் பஸ்ஸில் போட்டுக்கொண்டால் சாம்பார் வாசனை அடிக்கிறதாம். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். எறிந்த பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடி வந்து கையில் தட்டுவார்கள், தோளைப் பிடித்து உலுக்குவார்கள். என்னை இன்னொரு மனுஷி தொட்டு எவ்வளவு நாளாகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாலே முக்கால் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்கள். ராத்திரி படுத்தபிறகு, யாரை எங்கே நிறுத்தினால் அடுத்த மேட்சுக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன். என் ஆராய்ச்சியைப் பற்றி அவ்வளவு யோசித்திருந்தால் பட்டம் எப்போதோ வந்திருக்கும்.

முதல் மேட்ச் கணிதத்துறையோடு. ஜெயித்துவிட்டோம். கடைசிப் பாயிண்ட்டை அக்கா கண்ணை மூடிக்கொண்டே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டே எறிந்தார். எல்லோரும் கத்தினோம். வாசலில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருக்கும்போது, விளையாட்டுக்குப் பொறுப்பான சார் வந்து, அடுத்த மேட்ச் வணிகவியல் துறையோடு, சனிக்கிழமை காலையில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை என்றதும் எல்லோர் கையிலும் கிளாஸ் அப்படியே நின்றது. எனக்குச் சனிக்கிழமையும் ஒன்றுதான், புதன்கிழமையும் ஒன்றுதான். அவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு வாரத்துத் துணி, பையனின் வீட்டுப்பாடம், புருஷன் வீட்டில் இருக்கிற நாள். ஆனாலும் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நான் நேரத்தைப் போட்டதும் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு மெசேஜாக வர ஆரம்பித்தது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக. முதலில் திருப்பத்தூர்ப் பெண். மாமியார் பிள்ளையார்பட்டிக்கு வேண்டுதலாம், தட்ட முடியவில்லை, தான் ஒருத்தி மட்டும்தானே, ஸ்பேரில் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று அனுப்பியிருந்தாள். பரவாயில்லை என்று பதில் போட்டேன். அடுத்து புதுவயல். அவளும் தான் ஒருத்தி மட்டும் என்றுதான் எழுதியிருந்தாள். அவளுக்கும் பரவாயில்லை. தேவகோட்டை அக்கா போனே செய்தார். பையனுக்குக் காய்ச்சல். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, பொய்யில்லை. தூங்கப் போகிறபோது ஆடுகிற ஏழு பேரில் நான் ஒருத்திதான் பாக்கி. ஆறு பேரும் ஆளாளுக்கு, இருக்கிற இரண்டு ஸ்பேரையும் தன் இடத்துக்கென்றே கணக்கு வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

குழுவில் ஒரு வரி போட்டிருக்கலாம். யாரும் வரவில்லை, ஏழு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் என்று சொல்லியிருந்தால், அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். இரண்டு தடவை டைப் செய்து இரண்டு தடவையும் அழித்தேன். வாங்க என்று கெஞ்சி வரவழைத்து, அவர்கள் மணி பார்த்துக்கொண்டே ஆடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதோடு, கேட்காமல் ஒருத்தியாவது வருவாளா என்று ஒரு நப்பாசை. ஸ்பேர் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லையே.

சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போனேன். வணிகவியல் பெண்கள் ஏழு பேரும் ஒரே நிறத்தில் டீ ஷர்ட் போட்டு வந்து நின்றிருந்தார்கள். சார் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். விதிப்படி கால் மணி நேரம் பார்க்கலாம், அதற்குமேல் முடியாது என்றார். ஓரமாக நிற்க வெட்கமாக இருந்ததால் கோர்ட்டுக்குள்ளேயே போய், வழக்கமாக நான் நிற்கிற இடத்தில் நின்றேன். அது இன்னும் மோசம். என்னைச் சுற்றி ஆறு பேருடைய இடம் காலியாகக் கிடந்தது. வாசல் பக்கம் ஸ்கூட்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பினேன். ஸ்பேர் இரண்டு பேரும் வரவில்லை.

நேரம் முடிந்ததும் சார் விசில் ஊதி, எதிரணி ஜெயித்ததாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஏழு பேரும் கைதட்டவில்லை. அவர்களும் சனிக்கிழமையை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே. அவர்களுடைய கேப்டன் வலைக்கு அடியில் குனிந்து என்னிடம் வந்தாள்.

"எங்களுக்கும் ஆடாமப் போக மனசில்லக்கா. இங்குட்டு வாங்க, உங்களையும் சேத்தா எட்டுப் பேரு. நாலு நாலாப் பிரிஞ்சுக்கிருவோம்."

ஆடினேன். நன்றாகவே ஆடினேன். நான்கு பேருக்கு அது பெரிய கோர்ட், ஓடி ஓடி மூச்சு வாங்கியது. முடிந்ததும் எல்லோரும் பிஸ்கட் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அரியக்குடி கோயிலுக்குப் போகிறோம், வருகிறீர்களா என்று கேட்டார்கள். லேபில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஹாஸ்டலுக்கு நடக்கும்போது ஆத்திரமாக வந்தது. முன்பின் தெரியாத ஏழு பேர் என்னைச் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு என் ஆட்கள்தான் வேண்டும். அவர்கள் என் ஆட்கள்தானா என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வசனம் தயார் செய்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினேன். எனக்கு அது நன்றாகவே வரும்.

திங்கட்கிழமை காலை அக்காதான் முதலில் வந்தார். ஒரு டப்பாவில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் என் மேசையில் வைத்தார். மேட்ச் என்னாயிற்று என்று கேட்டார். தோற்றுவிட்டோம் என்றேன். தான் ஒருத்தி வராததால்தான் போய்விட்டது என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்து திருப்பத்தூர்ப் பெண் பிள்ளையார்பட்டி விபூதியோடு வந்தாள். அவளும் தன்னால்தான் என்றாள். ஸ்பேரில் ஒருத்தி, ஏழு பேர் இருப்பீர்களே என்றுதான் வரவில்லை, கோபமா என்று கேட்டாள். ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். மன்னிப்பதிலேயே காலை போய்விட்டது.

மதியம் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். தன்னைத் தவிர மற்றவர்கள் ஆடினார்கள் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். திருப்பத்தூர்ப் பெண் பேச்சுவாக்கில், கடைசியில் யார் சர்வீஸ் போட்டது என்று புதுவயல்காரியைக் கேட்டாள். அவள், எனக்கெப்படித் தெரியும் என்று அக்காவைப் பார்த்தாள். அக்கா ஸ்பேர் பெண்களைப் பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கையில் எடுத்த சோற்றை யாரும் வாயில் வைக்கவில்லை. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எட்டு முகமும் மாறுவதைப் பார்த்தேன். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தயார் செய்திருந்த அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"பதினஞ்சுக்குப் பதிமூணு," என்றேன். "கொஞ்சத்துல போச்சு."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டிக் குழம்பை எடுத்து என் சோற்றில் ஊற்றினார்.

"நல்லாத்தேன் ஆடிருக்கோம்," என்றார்.

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

பெருந்தன்மையால் நான் அப்படிச் சொல்லவில்லை. உண்மையை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகியிருக்கும். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு வேறு எங்காவது சாப்பிடப் போவார்கள். யாரும் இல்லாத கோர்ட்டில் நின்றுவிட்டேன். யாரும் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகாது.

அன்றைக்கு நாலரைக்கு வழக்கமான பரபரப்பு ஆரம்பித்தது. ஆனால் ஒவ்வொருத்தியும் கிளம்பும்போது என் மேசைக்கு வந்து, போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பஸ் வருகிற அவசரத்தில் யாருக்கு நேரம். எட்டுப் பேருக்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது. கடைசி ஆளின் செருப்புச் சத்தமும் படியிறங்கிப் போன பிறகுதான், சரி, போயிட்டு வாங்க என்று எனக்கு வாயில் வந்தது.