இரண்டாம் தண்ணீர்

நகராட்சி லாரியின் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்து, தெருவோர மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தண்ணியக்கா என்றால்தான் தெரியும். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. லாரி ஒரு தெருவுக்கு வாரம் இரண்டு நாள் வரும். வெயில் ஏழு நாளும் வரும்.

ஊரின் சூட்டைக் குறைக்க நகராட்சி திட்டம் போட்டபோது சூப்பர்வைசர் கூலியாட்களை நிற்கவைத்துச் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு தெரு. ஒரு வருஷம். எந்தத் தெருவுல ஒரு கன்னுகூடச் சாகலையோ, அந்த ஆளுக்கு நிரந்தர வேலை."

தண்ணியக்கா தன் தெருவையே கேட்டு வாங்கினாள். கால்வாய்க் கரையில் ஒற்றை வரிசையாக முப்பத்திரண்டு வீடுகள். அறுபத்து நான்கு கன்றுகள். கரையோ கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியது. ஒரு சாண் தோண்டினால் செங்கல் துண்டுதான் வரும். வாரம் இரண்டு நாள் தண்ணீரில் அங்கே களைகூடப் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். வீடு வீடாகப் போனாள்.

"பாத்திரம் கழுவுன சோப்புத் தண்ணிய சாக்கடையில விடுங்க. அலசுன ரெண்டாம் தண்ணிய என் பிள்ளைங்களுக்கு ஊத்துங்க."

பக்கத்து வீட்டு ஓரகத்தி சிரித்தாள். "பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டினதில்ல நீ. இதுங்களுக்கு ஊர்கூடி ஊட்டணுமா?"

"வேலை நிரந்தரமானா உனக்கும்தான் பெருமை."

"பெருமையைப் பாத்திரத்துல போட்டா தின்ன முடியும்?" என்றாள் ஓரகத்தி. ஆனால் முதலில் ஊற்றியவளும் அவளே. வருஷம் முழுக்க முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஊற்றினார்கள்.

வருஷக் கடைசியில் மற்றத் தெருக்களில் பாதி குச்சியாக நின்றது. இங்கே அறுபத்து நான்கும் ஆள் உயரம். நகராட்சி என்ஜினியர் வந்து இலை இலையாகத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க மட்டும் எப்படிம்மா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். தெருக்காரர்கள்தான் வளர்த்தார்கள் என்றால், உனக்கு எதற்கு வேலை என்று கேட்டுவிடுவாரோ?

"மண்ணு நல்ல மண்ணு சார். அடியில கால்வாய் ஈரம் இருக்கு."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். அந்த அலுவலகத்தில் ஒரு கூலிக்காரியின் வார்த்தை கோப்பில் ஏறியது அதுவே முதல் தடவை.

மூன்று மாதத்தில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று அவளுக்கு, நிரந்தர வேலை உத்தரவு. மற்றதை முப்பத்திரண்டு கதவிலும் ஒட்டினார்கள்: மண் வளமான கால்வாய்க் கரையில் நகரத்தின் முதல் குறுங்காடு அமையும், வீடுகள் அகற்றப்படும்.

தண்ணியக்கா என்ஜினியரிடம் ஓடினாள்.

"மண்ணு இல்ல சார். எங்க பாத்திரத் தண்ணி சார். வீடு போனா மரமும் போயிடும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான். "வீடு போகுதுன்னதும் மண்ணு மாறிடுச்சாம்மா? உங்களை நம்பித்தானே எழுதினேன்."

நம்பியது அவர் குற்றம் இல்லை.

எல்லாரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். அவளுக்கும் ஓரகத்திக்கும் நான்காம் மாடியில் எதிரெதிர் கதவு. வீடுகள் போன காரணம் என்னவென்று மாடி முழுக்கத் தெரிந்திருந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.

கரையில் புதிதாக இரண்டாயிரம் கன்றுகள் நட்டார்கள். முதல் கோடையிலேயே அவை கருகின; பழைய அறுபத்து நான்கும் கூடவே.

"காய்ஞ்சதுக்கும் ஊத்தணுமா சார்?"

"பட்டியல்ல இருக்கில்ல? ஊத்துங்க. உங்களுக்கென்ன, நிரந்தரம்" என்றார் சூப்பர்வைசர்.

ஊற்றினாள். சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவியபோது, கை தன்னால் இரண்டாம் தண்ணீரை வாளியில் சேர்த்து வைத்தது. திறந்திருந்த கதவு வழியே ஓரகத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, வாளியைத் தூக்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்து, காலி வாளியை அவள் காலடியில் வைத்தாள்.

"பிள்ளைங்க செத்துப்போச்சுல்ல. இன்னும் யாருக்கு எடுத்து வைக்கிற?"