மஹ்மூதா அறுத்த பன்

புத்தளத்துப் படகுத்துறையின் ஒரு மூலையில் ஊர்க் கால்வாய் வந்து விழுகிறது. மீன் கழுவிய தண்ணீரும் இயந்திர எண்ணெயும் சேர்ந்து அங்கே நாறும். அந்த மூலையில்தான் சுற்றாடல் சங்கத்தார் மிதவைகளைக் கட்டியிருந்தார்கள். மூங்கில் சட்டம், அதில் தும்பு மெத்தை, அதன்மேல் பாய் இழைக்கும் பன் புல். தொங்கும் வேர்கள் தண்ணீரின் அழுக்கை எடுக்கும் என்று சங்கத்துப் பெண் ஸஹ்னா சொல்லியிருந்தாள். சிக்கும் குப்பையைப் பொறுக்கிப் புல்லைப் பராமரிப்பது மஹ்மூதாவின் வேலை.

"ராத்தா, அறுவடைக்கு எங்களையும் கூப்பிடுங்க!" என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொள்வாள். ஆனாலும் எண்ணெய்ப் படலம் மெலிந்து வருவதை அவள் கண்டிருந்தாள். அதைக் கணவன் நஸீமிடம் மட்டும் சொன்னாள்.

நஸீம் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையோடு கிடந்தான். அந்தக் கோடையில் முதுகு புண்ணாகிவிட்டது.

"இது பிளாஸ்டிக் பாயா, அடுப்புல வச்ச தாச்சியா? ஒரு பன் பாய் கிடைச்சா உடம்பு குளிரும், புள்ள."

குளங்கள் வற்றிப் பன்னெல்லாம் கருகியிருந்தது. பச்சையாக நின்றது மிதவையில் மட்டும். மஹ்மூதா கூசிக்கூசி ஸஹ்னாவிடம் கேட்டாள்.

"தாராளமா வெட்டுங்க ராத்தா. வெட்டினா இன்னும் நல்லாத் தழைக்கும்."

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த காலம் முதல் பாய் இழைத்த கை அது. பன் எவ்வளவு நீளமோ, பாய் அவ்வளவு அகலம். அடித்தண்டை வீணாக்க மாட்டார்கள். அவள் தண்ணீருக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றையும் அடியோடு அறுத்தாள்.

புதுப் பாயில் நஸீம் முனகாமல் தூங்கினான். மிதவைகளில் ஒரு குருத்தும் வரவில்லை. வேர்கள் கறுத்து அழுகி, அந்த மூலை முன்னைவிட மோசமாக நாறியது.

ஸஹ்னா குந்தியிருந்து அறுத்த அடிக்கட்டை ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். "தண்ணிக்கு மேல ஒரு சாணாவது விட்டிருக்கணும், ராத்தா. தண்டாலதான் வேருக்குக் காத்துப் போகும். மூழ்கிச் செத்திட்டு. நான்தான் சொல்லாம விட்டுட்டன்."

படகுக்காரர்களே மிதவைகளைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அன்று ஒருவரும் கேலி பேசவில்லை.

வீட்டில் நஸீம் பாயைத் தடவியபடி கிடந்தான்.

"மஹ்மூதா, இதைக் கழுவிப் போடுற நாளைக்கு மாத்துக்கு வேணுமே. இன்னொண்டு இழைச்சிடேன். உன்ட மிதவையிலதான் பன் இருக்கே."

"ஓம்" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவனுக்கு முதுகு துடைக்கத் துணியை நனைத்தாள்.