அம்மன் என் கையில் கொடுத்த ஆறு மாதப் பிள்ளை

அம்மனை நம்பும் அக்கா தங்கைகளே, பிள்ளை பிழைத்த கதை என்று நினைத்து இதைப் படிக்க வேண்டாம். பிழைக்கவில்லை. ஆனாலும் அவள் என் குரலைக் கேட்டாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அறுபத்தேழாம் வருஷம், ஆடி மாதம். எனக்கு ஆறு மாதம்கூட முடியவில்லை. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. அதற்கு முன் இரண்டு தடவை கரு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "தாயே, இதையாவது எனக்கு விட்டுவை" என்று கெஞ்சினேன்.

என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய கொடுமை. வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே போய் மாமியாரோடு குசுகுசுப்பார்கள்.

"ஒண்ணும் இல்ல கண்ணு, நல்லா பொறக்கும்" என்பார் மாமியார். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. வேண்டுதலை மாற்றினேன். "தாயே, நீ என்ன செய்யப்போகிறாய் என்று யார் வாயாலாவது சொல். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது சொல்." அவரோ ஷிப்டில், பூமிக்கடியில் இருந்தார்.

டாக்டரம்மா வந்தார். மாமியார் அவர் கையைப் பிடித்தார். "அவகிட்ட சொல்லாதீங்கம்மா, தாங்கமாட்டா."

"பிள்ளை அவங்க வயித்துலதானே இருக்கு? அவங்களுக்குத் தெரியாம நாம என்ன பேசறது?" என்ற டாக்டரம்மா, அவரைக் கூப்பிட சுரங்க ஷாப்டுக்கு ஆள் அனுப்பினார்.

மேலே வந்த கேஜ் கூண்டிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரர் அப்படியே ஓடி வந்தார். தலையெல்லாம் கல் தூள். ஆயா மறித்தாள். "இன்னாய்யா, சுரங்கத்தையே தூக்கினு வந்துட்ட?"

"அப்பால திட்டு தாயி. அவ எங்க?"

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். நுரையீரல் வளரவில்லை. இவ்வளவு சிறிய பிள்ளையைக் காப்பாற்ற பெங்களூரிலும் வழியில்லை. "உயிரோட பொறந்தா உங்க கையில தரட்டுமா? இல்ல, நாங்களே வெச்சுக்கட்டுமா? எதைச் சொன்னாலும் தப்பில்ல."

"மூஞ்சப் பாத்தா மறக்க முடியாதுடி!" என்று அலறினார் மாமியார்.

"நான் எதுக்கு அத்தை மறக்கணும்?" என்றேன்.

"எங்க கையிலயே குடுங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

சாயங்காலம் பிறந்தாள். அழவில்லை. விலா மட்டும் ஏறி இறங்கியது. அவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். கழுவியும் போகாத கல் தூள் திருநீறு மாதிரி ஒட்டிக்கொண்டது. "மாரி" என்று கூப்பிட்டார். என் மார்மேலேயே அவள் மூச்சு நின்றது.

"கண்ணு தெறக்காததுக்கு இவ்ளோ அழுவயா?" என்று லைனில் கேட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை இல்லை. அம்மன்மேல் கோபம் இன்றும் தீரவில்லை. ஆடிக்கு ஆடி அவளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் கூழ் ஊற்றுகிறேன். ஆனால் நான் கேட்ட உண்மையைச் சொன்னவள் அவள். பூமிக்கடியில் இருந்தவரை என் பக்கத்தில் நிறுத்தியவள் அவள். அந்த நன்றியை எப்படி மறுப்பேன்?

இப்போது லைனில் யாருக்காவது நாளாகுமுன் வலி வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வதில்லை. "முதலில் புருஷனைக் கூப்பிடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் உண்மையைக் கேளுங்கள்" என்பேன். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் திட்டுங்கள். ஆனால் விட்டுப் போகாதீர்கள், அடுத்ததைக் கேளுங்கள். எனக்கு என் மகளின் முகத்தைக் காட்டினாள். மாமியார் சொன்னது சரிதான். மறக்கவில்லை.