எழுபது கிலோமீட்டர், பதினொரு நிமிடம்

லண்டனிலிருந்து சென்னைக்கு எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பத்தரை மணி நேரம் என்றது இருக்கைக்கு எதிரே இருந்த திரை. காசிமேட்டில் என் அண்ணன் செல்வம் கடலுக்குப் போய்ப் பதினான்கு நாளாகியிருந்தது. படகும் இல்லை, ஆளும் இல்லை. தம்பி வந்ததும் மொட்டை போட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் நான் பறந்துகொண்டிருந்தேன்.

காலை 5.20. அன்று போகி. ஊரெல்லாம் எரித்த புகையில் ஓடுபாதை தெரியவில்லையாம், விமானம் கடலுக்கு மேல் வட்டமடித்தது. சென்னைக்கு எழுபது கிலோமீட்டர், பதினொரு நிமிடம் என்றே திரை நின்றது. அலுப்பில் அதைப் படம் பிடித்தேன். வரைபடத்தில் எண்ணூருக்கு நேர் கிழக்கே இருந்தோம். கீழே இருட்டில் ஒற்றை விளக்கு ஆடியது.

6.40. காசிமேட்டுக்கு டாக்சி எண்ணூற்று ஐம்பது ரூபாய். "இன்னா சார், எதுத்தாப்ல வர்ற வண்டியே தெர்ல," என்று ஓட்டுநர் வழியெல்லாம் புலம்பினார்.

8.00. அண்ணி வாசலில் வாக்கி டாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். படகுகளோடு பேச மீனவர் வீடுகளில் வைத்திருக்கும் செட் அது. இருபது கிலோமீட்டருக்கு மேல் எடுக்காது.

"உங்கண்ணன் விடியக்காலம் பேசினாரு நைனா. தம்பி மேல சுத்திகினு கீறான், எறங்க வுட மாட்டேன்றாங்கன்னாரு."

விமானம் சுற்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான். இருந்தாலும் அண்ணனின் கூட்டாளி மணியிடம் திரையின் படத்தைக் காட்டி, கீழே ஆடிய விளக்கைச் சொன்னேன். விமான நிலையத்திலிருந்து கடற்கரை வரைக்குமான தூரத்தைக் கழித்து, "அம்பது சொச்சம். மூணரை மணி நேர ஓட்டம்," என்றார். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். விசைப்படகு கிளம்பிவிட்டது.

12.00. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு பலகை, ஒரு மிதவைகூட இல்லை. அலையும் அடங்கிக் கிடந்தது. மணி என்ஜினை நிறுத்தினார். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் போயிற்று. வெட்கத்தை விட்டுப் படகிலிருந்த செட்டின் மைக்கை எடுத்தேன்.

"அண்ணே, நான் கீழ வந்துட்டேன்."

இரைச்சல் மட்டும்தான் வந்தது. மணி என் முகத்தைப் பார்க்காமல் படகைத் திருப்பினார்.

3.40. துறைமுகத்தில் அண்ணி நின்றிருந்தார். கையிலிருந்த செட்டை அணைத்திருந்தார்.

"நீ கூப்ட்டது கேட்டிச்சு நைனா. பன்னண்டு மணிக்கு."

ஐம்பது கிலோமீட்டர். கேட்டிருக்கவே முடியாது.

"அண்ணன் இன்னா சொன்னாரு அண்ணி?"

"தம்பி வந்துட்டான், போதும்னாரு. இன்மே செட்டாண்ட குந்திகினு இருக்காதே, போய்த் தூங்குன்னாரு." பதினான்கு நாளில் முதல் தடவையாக அவர் அழுதார். செட்டை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். பொழுது சாய்வதற்குள் மொட்டை போட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் லண்டன் திரும்பினேன். திரையில் மறுபடி அதே எட்டாயிரத்து இருநூறு. விமானம் கிழக்கே ஏறி, கடலுக்கு மேல் வளைந்து மேற்கே திரும்பியது. விடிகிற நேரம், எல்லோரும் தூங்கினார்கள். எண்ணூரின் புகைபோக்கிகள் மறையும் வரை, என் தலைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் போட்டு வைத்திருந்தேன்.