அக்கா தேர்ந்தெடுத்த புந்தால்

அந்தப் பச்சை வலையை எந்த வளர்ப்பு மீன் கடையில் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பி வளையத்தில் கட்டிய உள்ளங்கை அளவு வலை, அவ்வளவுதான். ஆனால் அதை அத்தான் பிடித்திருந்த கோலம் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. புது ஜிப்பா, நெற்றியில் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு, வலைக்குள் என் அக்காவின் மீன்.

அத்தானுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. வீடு மாசாயில். பகலில் புருஷன் தூங்கும் வீட்டில் வாழ்வது என்றால் என்னவென்று ஷிப்ட் வேலைக்காரர்களின் மனைவிமாரைக் கேட்டால் தெரியும். மிக்சி போடக் கூடாது, டிவி போடக் கூடாது, குக்கர் விசில் அடித்தால் அதற்கும் ஒரு பேச்சு. பூனை வளர்க்கட்டுமா என்று அக்கா கேட்டபோது, கத்தும் என்றார். கிளி கேட்டபோது, அதைவிடக் கத்தும் என்றார். சத்தம் போடாத ஜீவன் என்பதால் கடைசியில் மீனுக்குச் சம்மதம் கிடைத்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஜன்னல் துணியின் நிறத்தைக்கூட அவளைக் கேட்டு வாங்கியதில்லை. மீனை மட்டும் நீயே போய் எடுத்துக்கொள் என்றார், ஏதோ நாட்டையே எழுதிக் கொடுப்பவர் மாதிரி.

என் மோட்டார் சைக்கிளில்தான் போனோம். ஜொகூர் பாருவில் ஒரு சீனப் பெரியவர் நடத்தும் கடை. அவள் ஆசைப்பட்டது, வலையில் சிக்கினால் மீனவர்கள் தூக்கி எறியும் பேத்தை மீனில் ஒரு சின்ன இனம். இங்கே மலாயில் புந்தால் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கட்டை விரல் நீளம், முதுகில் மஞ்சள் கோட்டால் எட்டுப் போட்டது போல் இருக்கும். அக்கா அதைப் பற்றிப் போனில் படித்துப் படித்து, தண்ணீரில் எவ்வளவு கடலுப்புக் கலக்க வேண்டும் என்பது வரை தெரிந்துகொண்டு வந்திருந்தாள். கடைக்காரர் பெரியதாக ஒன்றைக் காட்டினார். வயிறு ஒட்டியிருக்கிறது என்று ஒதுக்கினாள். இன்னொன்றின் வெள்ளை வயிறு கறுத்திருந்தது, அதுவும் வேண்டாம் என்றாள். மூலையிலிருந்த ஒன்று அவள் விரல் போன பக்கமெல்லாம் கூடவே வந்தது. ஒரு கண்ணால் விரலையும் இன்னொரு கண்ணால் அவளையும் பார்த்தது. கடைக்காரர் ஒரு பொடி நத்தையைப் போட்டார். மீன் அதைக் கடுக்கென்று கடித்து உடைத்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கடைக்காரர் வலையைத் தொடவில்லை. பிளாஸ்டிக் குவளையைத் தண்ணீருக்குள் இறக்கி, மீனைத் தண்ணீரோடு அள்ளினார். வெளியே தூக்கினால் பயத்தில் காற்றை விழுங்கி உப்பும், அந்தக் காற்று வெளியே வராவிட்டால் செத்துவிடும் என்று மலாயில் சொன்னார். அன்று சாயங்காலமே அக்கா அதை அத்தானிடம் சொன்னாள். நானும் அங்கேதான் இருந்தேன். "சரி சரி, தெரியும்" என்றார். ஆகவே அவர் தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் என்னிடம் கதை விட வேண்டாம்.

போன தீபாவளிக்கு வீட்டில் ஓப்பன் ஹவுஸ். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று தொழிற்சாலையில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். நம் பண்டிகைக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போடும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் வந்தவர்கள் அசந்துபோக வேண்டும் என்று சிலருக்கு ஒரு வியாதி. முறுக்கும் ஆட்டுக்கறியும் போதாதென்று அத்தான் வேடிக்கையும் காட்ட ஆசைப்பட்டார். மேனேஜரின் மகள் தொட்டியருகே நின்றதுதான் சாக்கு. "பாஸ், தெங்கோ லா, இங்க பாருங்க!" என்று கூவிக்கொண்டே மீனை வலையில் தூக்கிவிட்டார்.

மீன் பந்தாக உப்பியது. கைதட்டினார்கள், போனை நீட்டினார்கள். இன்னொரு தரம் என்று யாரோ கேட்க, அவர் இன்னொரு தரமும் தூக்கினார். தண்ணீரில் விட்டபோது மீனால் கீழே இறங்க முடியவில்லை. வயிறு மேலே தெரிய மிதந்தது.

அக்கா சமையலறையிலிருந்து சிராப் சர்பத் குவளைத் தட்டோடு வந்தாள். பார்த்ததும் தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு, புதுச் சேலையும் வளையலுமாக முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டாள். மீனின் வாய் மேலே இருக்கும்படி தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, காற்று வெளியேற மெல்ல ஆட்டினாள். அத்தான் சிரிப்பு மாறாமல் பல்லுக்கிடையில் சொன்னார்: "வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடு. அத அப்புறம் பாக்கலாம்."

"நீங்களே குடுங்க" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விருந்தாளிகள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. மறுநாள் காலை மீன் செத்துக் கிடந்தது.

அம்மா போனில் அவளைத்தான் திட்டினாள். "ஒரு மீனுக்காடி புருஷன நாலு பேரு முன்னாடி எதுத்துப் பேசுன?" அம்மாவிடமும் எனக்குக் கோபம்தான். அந்த ஒரு மீனைத் தவிர அந்த வீட்டில் அவளுக்கென்று வேறு என்ன இருந்தது? அதை ஒருவரும் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது. அத்தான் ஒரு வார்த்தை வருத்தப்பட்டாரா? "வேற வாங்கிக்கலாம் லா" என்றார், பல்பு போய்விட்டது மாதிரி.

இந்த வருஷத் தீபாவளி நெருங்கிவிட்டது. மீன் எங்கே என்று மேனேஜரின் மகள் கேட்டாளாம். உடனே அத்தானுக்கு ஞானம் பிறந்துவிட்டது. போன வாரம் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்கு வந்தார். ஜொகூர் பாருவில்தான் எனக்கு வேலை என்பதால் நானும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன்.

"நீயே பாத்து எடு. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார்.

அக்கா தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். ஒன்று கண்ணாடியை ஒட்டி வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது. அவளுக்கு அதைப் பிடித்துவிட்டது. எதையும் மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு. கடைக்காரர் குவளையை எடுத்தார். அக்கா வேண்டாமென்று கையசைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னாச்சு? ஒண்ணுகூட நல்லா இல்லையா?" என்றார் அத்தான்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. அதனாலதான் வேணாங்கிறேன். இங்கயே உசிரோட இருக்கட்டும்."

வெளியே வந்தவள் காரைத் தாண்டி நடந்து என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போகணும் என்று நான் கேட்கவில்லை. வண்டியை மாசாய் வீட்டுப் பக்கம் திருப்பவும் இல்லை.