குழாயடியில் ஒரு ‘ஹாங்க’

பம்பாய்க்கு வந்து இத்தனை காலமாகியும் குழாயடியில் நான் வாயைத் திறந்தால் சிரிப்பு எழுகிறது. இந்தியில் ஆமாம் என்பதற்கு ‘ஹாங்’. வெண்ணந்தூரில் பிறந்த என் நாக்கு மரியாதைக்கு ஒரு ‘ங்க’ சேர்க்காமல் அதை மொட்டையாக விடாது. தண்ணீர் வேண்டுமா என்பதை “பானி?” என்பாள் பக்கத்து வீட்டு மராத்திக்காரி கமலாபாய். “ஹாங்க!” என்பேன். பெண்களோடு நானும் சிரிப்பேன். ஊரில் உறவுகள் நெய்து அனுப்பும் சேலைகளை என் கணவர் இங்கே இந்தி பேசித்தான் விற்கிறார். எங்கள் உலை கொதிப்பது அதனால்தான்.

சென்ற வாரம் சேலைக் கட்டுகளோடு சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து என் தம்பி வந்தான். அவன் வீட்டில் தங்கிப் படிக்கும் என் மகன், பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து மறியல் செய்தானாம். பிடித்துச் சேலம் ஜெயிலில் அடைத்துவிட்டார்களாம்.

“என்ற சாமி ஜெயிலுக்குப் போயிருச்சா!” என்று அலறினேன்.

“அழுவாதீங்கக்கா. நீங்க இங்க இந்தி பேசிச் சோறு திங்கறீங்க, உங்க பையன் அது வேண்டாம்னு அங்க களி திங்கறான். அவ்வளவுதானுங்க” என்றான். சிரிக்கவைக்கப் பார்த்தான், அவன் குரலும் உடைந்திருந்தது.

சத்தம் கேட்டுக் கமலாபாய் ஓடி வந்தாள். ‘சாமி’, ‘ஜெயில்’ இரண்டும் அவளுக்குப் புரிந்திருக்கின்றன. பெற்ற பிள்ளையையும் நாங்கள் சாமி என்போம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ துறவி தேசத்துக்காகச் சிறை சென்றதாக நினைத்துக் கைகூப்பினாள். அவள் கணவர் உப்புக் காய்ச்சி வெள்ளைக்காரனிடம் அடிபட்டவர். என் மகன்தான் என்றதும் வெல்லம் கொண்டுவந்து என் வாயில் போட்டாள். அந்த உப்புக் காலத்தில் ராட்டைக் கொடி பிடித்து வெண்ணந்தூர்த் தெருவில் ஓடிய பிள்ளைதான் அவனும். இன்று அவனை அடைத்திருப்பது அதே கொடியைப் பிடித்தவர்களின் ஆட்சி. வெல்லத்தை மென்றபடியே அவளிடம் இந்தி வேண்டாம் என்றுதான் போனான் என்று சொல்லிவிட்டேன். அதையும் இந்தியில்தான் சொல்ல முடிந்தது.

“தேஷ் ஏக் ஹை” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். தேசம் ஒன்றுதான், என் மகனும் அதை மறுக்கவில்லை. ஒன்றாயிருப்பதற்கு நாக்கு ஏன் ஒன்றாக வேண்டும் என்றுதான் கேட்கிறான். ஊரில் இதைப் படிப்பவர்கள் அவனை மெச்சலாம், ஏசலாம். எனக்கோ அவன் இளைத்திருப்பானா என்பதே நினைப்பு.

மறுநாள் குழாயடியில் குடத்தை நீட்டினேன். ‘பானி’ என்று சொல்ல வாய் வரவில்லை. கமலாபாய் என் முகத்தைப் பார்த்தாள்.

“தண்ணீங்க?” என்றாள்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டே பழகியிருக்கிறாள். தம்பியோடு ரயிலேறி, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மகனைப் பார்க்கப் போகிற நான், “ஹாங்க” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.