சீசர் உதிர்த்த முடி

நாய் வளர்க்கிற வீடு என்று யாராவது சொன்னால் தேவகிக்குப் பற்றிக்கொண்டு வரும். நாய் இருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் அவள் கேட்டு வந்ததில்லை.

அவள் கணவன் ரத்தினசாமி வேலை செய்கிற தோல் கம்பெனியில் ஒரு மேனேஜர் இருந்தார். மாற்றலாகிப் போகும்போது தன் லேப்ரடார் நாயை, "கொஞ்ச நாள் வச்சிக்கோ ரத்தினம், வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான், ஃபோனைக்கூட எடுப்பதில்லை. அன்றிலிருந்து ஆம்பூரில் அந்தச் சின்ன வீட்டின் நட்டநடு ஹாலில் சீசர் படுத்துக்கொள்ள, வீட்டுக்காரர்கள் ஓரமாக நடந்தார்கள். வெளுத்த மஞ்சள் நிறம். பரம சாது. யாரைப் பார்த்தாலும் வாலாட்டும். ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டுக்கும் முடி பறக்கும்.

சாம்பாரில் முடி. தலையணையில் முடி. பூட்டிய பீரோவுக்குள் இருக்கிற பட்டுப்புடவையில் முடி. அது எப்படி உள்ளே போனதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். துடைப்பத்தால் பெருக்கினால் மேலே எழும்பி, மின்விசிறியைச் சுற்றிவிட்டு, பெருக்கிய இடத்திலேயே வந்து உட்காரும்.

"கம்பெனில அத்தினி மாட்டுத் தோல்லயும் முடியில்லாம பண்றீங்க. வூட்ல ஒரு நாய்க்கு ஒண்ணும் பண்ண முடியல உங்களால" என்றாள் தேவகி.

ரத்தினசாமிக்கு சுண்ணாம்பு செக்‌ஷனில் வேலை. பச்சைத் தோலை ஊறவைத்து முடியைக் கழற்றுகிற இடம் அது.

"அது செத்த மாடும்மே. இது உசுரோட இருக்குது" என்று சொல்லிவிட்டு அவன் டீயைக் குடித்தான். குடித்து முடித்ததும் நாக்கிலிருந்து ஒரு முடியை எடுத்து, மனைவி பார்ப்பதற்குள் லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

அவனுக்கு இதெல்லாம் விளையாட்டு. தேவகிக்கு அப்படியில்லை. முட்டி வலி வந்து ஷூ கம்பெனியை விட்டு நின்றபிறகு, அவள் வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டை போட்டு வருகிற கறுப்புத் தோலை மெழுகு நூலால் கையாலேயே கோத்து ஷூவின் மேல்பாகமாக்க வேண்டும். கம்பெனியிலிருந்து மூட்டை வாங்கிவந்து தெருப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பவள் அக்தர் பானு. தேவகி தைத்தது திரும்பி வந்தது என்ற பேச்சே கிடையாது. அந்தப் பேரைத்தான் அவள் கழுத்து நகைபோலக் காத்துவந்தாள்.

ஒரு நாள் காலையில் அக்தர் பானு வாசலிலேயே நின்றாள்.

"உன் பீஸ் ரிட்டன் ஆயிடுச்சு தேவகி. தையலுக்குள்ள வெள்ளை முடி மாட்டினு இருக்குதாம்."

தேவகிக்கு முகம் சுண்டிப்போனது. சீசர் எழுந்துவந்து அக்தர் பானுவின் காலை மோந்து, வாலாட்டியது.

அன்றிலிருந்து வீட்டில் போர். ரத்தினசாமியின் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு தேவகி நாயைத் தேய்த்தாள். முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஆனால் தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. பேக்கிங் டேப்பை உள்ளங்கையில் ஒட்டும்புறம் வெளியே தெரியச் சுற்றிக்கொண்டு பாயை ஒற்றியெடுத்தாள். கடைசியில் பட்டப்பகலில் கட்டிலுக்குக் கொசுவலை கட்டி, அதற்குள் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். வெளியே சீசர் வலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு குறட்டை விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு எழிலரசி, "இன்னாக்கா, அமிர்தி ஜூ கூண்டுல இருக்கிற மாதிரி இருக்குற" என்று சிரித்தாள். தேவகி சிரிக்கவில்லை.

அப்படியும் அடுத்த மூட்டையில் முடி இருந்தது.

"இன்னொரு வாட்டி வந்தா உனக்குக் குடுக்காதன்னு சொல்லிட்டாங்கோ. நா இன்னா பண்றது" என்றாள் அக்தர் பானு. அவளுக்கும் பேஜாராகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் ரத்தினசாமி செருப்பைக் கழற்றுவதற்குள் தேவகி சொன்னாள்: "அது போவணும். இல்ல, நா போறேன்."

விரிஞ்சிபுரத்தில் ரத்தினசாமியின் தங்கை கண்ணம்மாள் இருந்தாள். மாட்டுக் கொட்டகை உள்ள வீடு. சீசரைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். ஊர்வலம் போகிற சந்தோஷத்தில் அது வாலாட்டிக்கொண்டே போனது. தேவகி வீட்டை மூன்று முறை கழுவினாள். பாயை மாற்றினாள். கொசுவலையைச் சுருட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தைத்தாள். சாம்பாரைச் சாம்பாராகச் சாப்பிட்டாள். வாசலில் சத்தம் கேட்டால் மட்டும், "படுடா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

மாதம் முடிவதற்குள் அக்தர் பானு மறுபடி வந்தாள். இந்தமுறை திரும்பிய பீஸையே கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"நாய்தான் போயிடுச்சே. அப்புறம் இது எங்கேர்ந்து?" என்றாள்.

தேவகி தையலுக்குள் மாட்டியிருந்த முடியை நகத்தால் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழ நீளத்துக்கு வந்தது. எந்த நாய்க்கும் அவ்வளவு நீளமாக வளராது. அக்தர் பானு முடியையும் பார்த்தாள், தேவகியின் நரைத்த காதோரத்தையும் பார்த்தாள்.

"கம்பெனில தொப்பி போட்டுனுதானே தச்சே. வூட்ல ஏன் விட்டுட்டே? என்னைப் பாரு, முக்காடு இல்லாம ஊசியத் தொட்டதில்ல" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நா பேசிக்கிறேன் கம்பெனிக்காரங்ககிட்ட. தலையக் கட்டினு தை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேவகிக்கு அவமானமாக இருந்தது. அதைவிடத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. நாயை வெளியே விட்டு, முடி கொட்டுகிற தன்னை வலைக்குள் பூட்டிக்கொண்டு தைத்தவள் அவள்தானே. சீசரைக் கூட்டிவரத் தலையில் துண்டைக் கட்டியபடியே பஸ் ஏறி விரிஞ்சிபுரத்துக்குப் போய் இறங்கினாள்.

கண்ணம்மாள் பெருமையாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு நாய் கட்டியிருந்தது. ரோஜா நிறத் தோல் தெரிய, எலும்பும் காதுமாக, ஏதோ ஒரு நாய்.

"முடி கொட்டுதுன்னு தானே அண்ணி அனுப்பிச்சீங்கோ. ஆடு கத்திரிக்கிற ஆள வெச்சி சுத்தமா எடுத்துட்டோம். அண்ணன் வேலைய நாங்களே பண்ணிட்டோம்" என்று சிரித்தாள் கண்ணம்மாள்.

"யாரக் கேட்டு எடுத்தே?" என்றாள் தேவகி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வெயில்ல அதுக்கு எரியாதா? யாரக் கேட்டு எடுத்தேன்றேன்."

சீசர் வாலாட்டியது. ஒன்றும் பறக்கவில்லை. கூச்சப்பட்டதுபோல அது தலையைக் கொண்டுவந்து அவள் காலில் சாய்த்தது. தேவகி அதன் முதுகைத் தடவிவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முடிகூட ஒட்டவில்லை. அங்கேயே சாணித்தரையில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதன் முதுகில் போர்த்திவிட்டு, அவள் அழுதாள்.